தர்மபுரியில் ஸ்ட்ரெய்ட்னிங் செய்த கூந்தலுக்கு ஒரு பராமரிப்புச் சேவை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஸ்மூத்தனிங் செய்துகொள்ள தர்மபுரியில் இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. நான்கு ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும், மாடிப்படியோரத்தில் ஒரு விளம்பரப் பலகையாவது நேரான, பளபளக்கும் கூந்தலைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூந்தல் நான்கைந்து மாதம் கழித்து வைக்கோலாகாமல் பார்த்துக்கொள்ள யாரிடம் போவது என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆளில்லை. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், பெண்களுக்கு மட்டுமான ஒரு பார்லரில் ஸ்ட்ரெய்ட்னிங், ரீபாண்டிங் என்று ரசாயனம் பூசி நேராக்கிய கூந்தலுக்கென்றே மாதாந்தரப் பராமரிப்புச் சேவை ஒன்றை நடத்துகிறார்கள். ஓராண்டுக்கும் மேலாக அங்கே சென்றுவருகிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் வேலை செய்யும் கை மாறினால் கடையே மாறிவிடும். அங்கே என்ன செய்கிறார்கள், அதில் எது முடிக்கு உதவுகிறது என்று தெரிந்துகொண்டால், பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவரும் தம் ஊர்ப் பார்லரில் அதையே கேட்டுப் பெறலாம்.

முடிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது தெரியாமல் இந்தச் சேவையை எடைபோட முடியாது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அந்தப் புரத இழைகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைத்திருக்கின்றன. சுருளோ நேரோ, முடி தன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பெருமளவு இந்த டைசல்ஃபைடு பிணைப்புகளால்தான். நம் ஊர்ப் பார்லர்களில் பூசப்படும் ஸ்ட்ரெய்ட்னிங் க்ரீம்களில் பெரும்பாலானவை தயோகிளைகாலேட் வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 9 என்ற பி.எச். அளவில் காரத்தன்மை கொண்ட அந்தக் க்ரீம் முடியை உப்பச் செய்து, உள்ளே புகுந்து, பிணைப்புகளை அவிழ்க்கிறது. பிறகு சூடான அயர்னால் முடியை நேராக இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரைப் பூசி, அந்த நேரான வடிவத்திலேயே மீண்டும் பிணைத்துவிடுகிறார்கள். வெளிநாடுகளில் மிகச் சுருண்ட முடிக்குப் பூசப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர்கள் இன்னும் கடுமையானவை; அவற்றின் பி.எச். 12க்கும் மேல். எந்த வகையானாலும், அவிழ்ந்த பிணைப்புகள் அத்தனையும் திரும்பக் கட்டப்படுவதில்லை. முடியின் மேற்புறத்தில் ஓட்டின்மேல் ஓடாக அடுக்கியிருக்கும் செதில்கள் ஓரம் தூக்கிக்கொள்கின்றன. அவற்றின்மேல் இயற்கையாக ஒட்டியிருந்த மெல்லிய கொழுப்புப் படலம் காரத்தில் கழன்றுபோகிறது. அதற்குப் பின் முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், அதே வேகத்தில் விட்டும்விடும். நாம் வறட்சி என்று சொல்வது இந்த நிலையைத்தான். இழந்த படலத்தை எந்த க்ரீமும் நிலையாகத் திருப்பித் தராது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சேவையைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பார்லரில் எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அவர்கள் கேட்ட கேள்விகளால். நாற்காலியில் உட்கார்ந்ததும் துணியைப் போர்த்திவிட்டு க்ரீமைக் கலக்கத் தொடங்கும் வழக்கம் அங்கே இல்லை. "அக்கா, கடைசியா மருதாணி எப்பங்க போட்டீங்க? அரைச்சுப் போட்டீங்களா, பாக்கெட்ல வர்ற கறுப்பு மருதாணியா?" என்று கேட்டார் அந்த அழகுக்கலைஞர். அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமன்று. பாக்கெட் மருதாணிகள் சிலவற்றில் சாயமும், இன்னும் சிலவற்றில் உலோக உப்புகளும் கலந்திருக்கின்றன. உலோக உப்பு படிந்த முடியின்மீது பெராக்சைடு பட்டால் சூடேறி முடி அறுந்துபோகக்கூடும். இதற்கு முன் எந்த வகை க்ரீம் பூசப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஹைட்ராக்சைடு வகை பூசிய முடியின்மேல் தயோ வகையையோ, தயோ பூசியதன்மேல் ஹைட்ராக்சைடையோ பூசக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. ஆனாலும் இதை விசாரிக்கும் பார்லரை நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு ஒற்றை முடியை ஈரமாக்கி இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார். காதோரத்திலிருந்து எடுத்த முடி சற்று நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்கியது. பின்கழுத்துப் பக்கம், நுனியிலிருந்து எடுத்தது இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போய், திரும்பாமல், ஓசையின்றி அறுந்தது. ஈரத்தில் நல்ல முடியும் ஓரளவு நீளும்; திரும்பி வராமல் நீள்வது உள்ளே பிணைப்பு போதவில்லை என்பதற்கு அடையாளம். அந்த நுனியை வெட்டிவிடுவதே நல்லது, இதற்கு ஸ்பா செய்து காசை வீணாக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். விற்க வேண்டியவர் விற்பனையைத் தடுத்துப் பேசிய இந்த இடத்துக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சேவையின் மிகச் சிறந்த பகுதி கழுவும் தொட்டியில் நடக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வசிப்பவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஓடும் கீசரைக் கழற்றிப் பார்த்தால் கம்பியைச் சுற்றி வெள்ளைப் படிவம் கனத்துக் கிடக்கும். அதே சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் முடியிலும் படிகின்றன. ரசாயனம் பட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் கூடுதலாக இருப்பதால், நேர்மின் ஏற்றம் கொண்ட இந்த உப்புகள் சாதாரண முடியைவிட அதில் அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று உரசுகிறது, சிக்கு விழுகிறது, சிக்கெடுக்கும்போது அறுகிறது. வறட்சிக்கு வாங்கும் சீரம் எதுவும் இந்தப் படிவை நீக்காது, மேலே பூசி மறைக்கத்தான் செய்யும்.

இந்தப் பார்லரில் முதல் அலசல் வழக்கமான போர் தண்ணீரில்தான். கடைசி அலசலுக்கு மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் மூடி வைத்திருக்கும் ஒரு ட்ரம்மிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை மொண்டு ஊற்றுகிறார்கள். ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டம், நிலத்தடி நீரிலிருந்த ஃப்ளூரைடால் பல்லும் எலும்பும் கெட்டுக்கொண்டிருந்த இரு மாவட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. முடி அலசுவதற்காக அன்று. ஆகவே குடிநீரைத் தலையில் ஊற்றுவது எனக்கு முதலில் உறுத்தியது. இரண்டு மூன்று மக் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு உறுத்தல் குறைந்தது. ஆற்று நீர் பொதுவாக நம் போர் நீரைவிட உப்புக் குறைந்தது என்பதால், அந்த இரண்டு மக்கே காய்ந்த பின் முடியின் தொடுகையில் வேறுபாட்டைக் காட்டுகிறது. மாதத்துக்கு ஒருமுறை ஈ.டி.டி.ஏ. சேர்ந்த, உப்புப் படிவை இழுத்தெடுக்கும் ஷாம்புவையும் போடுகிறார்கள். இது கொஞ்சம் வன்மையானது. ஒவ்வொரு குளியலுக்கும் ஏற்றதன்று, மாதம் ஒன்று போதும். இந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த அலசலுக்கே தகும்.

ஷாம்பு போடும் முறையும் கவனமானது. நுரையை உச்சந்தலையில் மட்டும் தேய்க்கிறார்கள். நீளத்துக்கு வழிந்தோடும் நுரையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கண்டிஷனரை அதற்கு நேர்மாறாக, காதுமட்டத்துக்குக் கீழே தொடங்கி நுனிவரை பூசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறார்கள். கண்டிஷனரில் உள்ள செட்ரிமோனியம், பெஹென்ட்ரிமோனியம் போன்ற பொருள்கள் நேர்மின் ஏற்றம் கொண்டவை. ஆதலால் சேதமான பகுதியில்தான் அதிகமாகப் போய் ஒட்டுகின்றன. கழன்றுபோன கொழுப்புப் படலத்தின் வேலையை அடுத்த குளியல்வரை தற்காலிகமாகச் செய்வது இந்தப் படலமே. ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொண்டவர் ஷாம்புவில் மிச்சம் பிடித்தாலும் கண்டிஷனரில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அடுத்து வரும் ஸ்பா க்ரீமும் நீராவியும் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. வாசனை நன்றாக இருக்கிறது, தலையைப் பிடித்துவிடும் பெண்ணின் கை இதமாக இருக்கிறது. வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அதற்காகவே பணம் கொடுக்கலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் க்ரீமின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள்களைப் படித்துப் பார்த்தால், கொழுப்பு ஆல்கஹால், சிலிகோன், அதே நேர்மின் கண்டிஷனர்கள் என்று வீட்டில் பூசும் நல்ல கண்டிஷனரிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. ரசாயனம் பட்ட முடி ஈரத்தில் உப்பி வலுக்குறைந்த நிலையில் இருக்கும்போது, அதை நெடுநேரம் நீராவிக்குள் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து நிமிடம் போதும் என்று கேட்டால் மறுக்காமல் ஒத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 'கெரட்டின் பூஸ்டர்' ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்வார்கள். சிறு துண்டுகளாக உடைத்த புரதம் முடியின் மேல் ஒரு படலமாகப் படிந்து, சில நாளுக்குக் கனத்தையும் உறுதியையும் தருவது உண்மை. அடிக்கடி போட்டால் முடி விறைத்துப்போய் இன்னும் வறண்டதுபோலத் தோன்றுவதும் உண்மை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று என்றால் தாங்கும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது கடைசியில் வரும் 'ஃபினிஷிங்'. முடியை அரைகுறையாக உலர்த்திவிட்டு, கண்ணாடியில் பளபளப்பாகக் காட்டுவதற்காக அயர்னை ஓட்டுகிறார்கள். ஈரம் முழுவதும் போகாத முடியின்மீது 200 டிகிரியை நெருங்கும் தட்டு பட்டால், முடிக்குள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகிக் குமிழ்விட்டு, அந்த இடத்திலேயே முடி நொறுங்கக்கூடும். ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை ஐந்து நிமிடத்தில் கெடுப்பது இது. ஏற்கெனவே நேராக்கிய முடிக்கு அயர்ன் எதற்கு என்று நான் கேட்டபோது, "அப்படியே விட்டா கஸ்டமருங்க எதுவுமே செய்யலன்னு நெனைக்கிறாங்க அக்கா" என்றார் அந்தப் பெண். அவர் சொன்னதில் பொய்யில்லை, குற்றம் பாதி நம்முடையது. இப்போது நான் போனாலே அயர்னை எடுப்பதில்லை. ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த காற்றில் உலரவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

வேரில் புதிதாக வளர்ந்த முடியை மட்டும் நேராக்கும் டச்சப்புக்குத்தான் இந்தப் பார்லரை நான் பிறருக்கும் சிபாரிசு செய்வது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, எட்டு மாதம் போனால் விரல் நீளத்துக்குப் பழைய சுருள் வேரில் நிற்கும், அதற்குக் கீழே நேரான முடி தொங்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடமே மிகவும் பலவீனமானது. அவசரக்காரர்கள் தலை முழுவதும் மறுபடி க்ரீமைப் பூசிவிடுவார்கள். ஏற்கெனவே பிணைப்பு குறைந்த நீளத்தின்மேல் இரண்டாம் முறை காரம் ஏறி, முடி கையோடு வந்துவிடும். வேறோர் ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பார்லரில், என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் பின்தலை முடி தோள்மட்டத்தில் வரிசையாக அறுந்தது. இங்கே பழைய நீளம் முழுவதற்கும் முதலில் கண்டிஷனரைத் தடித்த காப்பாகப் பூசுகிறார்கள். பிறகு வால்சீப்பின் நுனியால் மெல்லிய வகிடுகளாகப் பிரித்து, தலைத்தோலிலிருந்து சிறிது இடம் விட்டு, புது வளர்ச்சி முடியும் கோடுவரை மட்டும் க்ரீமை வைக்கிறார்கள். நடுவே ஓர் இழையை எடுத்துத் துடைத்து, சுருட்டிப் பார்த்து, போதும் என்றால் கடிகாரத்தைப் பார்க்காமல் கழுவிவிடுகிறார்கள். நியூட்ரலைசருக்கும் உரிய நேரம் கொடுக்கிறார்கள். கூட்டம் மிகுந்த நாளில் மற்ற இடங்களில் குறைபடுவது இந்தக் கட்டந்தான். பிணைப்பு சரியாகத் திரும்பாத முடிக்கு அதன் பின் எத்தனை ஸ்பா செய்தாலும் வறட்சி தீராது. எட்டு மாதத்துக்கு முன் டச்சப் கேட்டால் முடியாது என்கிறார்கள். அதிலும் எனக்குத் திருப்திதான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்து கேட்ட ஒரு பெண்ணையும் திருப்பி அனுப்பினார்கள். டச்சப் செய்த பின் மூன்று நாள் முடியைக் கட்டவோ, கிளிப் குத்தவோ, பூ வைக்கவோ கூடாது என்னும்போது கல்யாணப் பெண் என்ன செய்வாள்?

விற்பனை மேசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சேவை முடிந்ததும் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, மாஸ்க், சீரம் மூன்றையும் ஒரு பையில் போட்டு நீட்டுவார்கள். மூன்றில் சீரம் ஒன்றை வாங்கலாம். டைமெத்திகோன் என்னும் சிலிகோன் கலந்த எந்தச் சீரமும், இரண்டு சொட்டு, ஈரம் லேசாக இருக்கும்போது நுனியில் தடவினால் உரசலைக் குறைக்கும். அதையே மருந்துக்கடையில் குறைந்த விலைக்கும் வாங்கலாம். ஷாம்புவும் மாஸ்க்கும் அங்கே விலை அதிகம்.

எண்ணெய் வைக்கவே கூடாது என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நேராக்கிய முதல் சில நாள்களுக்கு அது பொருந்தும். அதன் பின் தேங்காய் எண்ணெய் நேராக்கிய முடிக்கு எதிரியன்று. 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்கள் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று காட்டியது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது என்பதே அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு உள்ளங்கையில் சிறிது எடுத்து நீளத்துக்கு மட்டும் தடவிக்கொண்டால், தண்ணீர் பட்டு முடி உப்புவது குறைகிறது. சொட்டச் சொட்ட வைத்தால் அதை எடுக்க ஷாம்புவை இரண்டு முறை போட வேண்டிவரும், பலன் கழுவிப் போய்விடும். இதே காரணத்தால் அரப்பையும் சீயக்காய்த் தூளையும் நேராக்கிய முடிக்கு நான் ஒதுக்கிவிட்டேன். பொருள் கெட்டதன்று, நம் பாட்டிமார் கூந்தல் அதில்தான் வளர்ந்தது. ஆனால் தூக்கிய செதில்களுக்கிடையே அந்தத் துகள் சிக்கிக்கொண்டு, அலசி எடுப்பதற்குள் தேய்த்துத் தேய்த்து முடி அறுகிறது. ஒகேனக்கல் போகிறவர்கள் அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் உடம்போடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கைகளின் வலு முதுகுக்கு அமிர்தம், ரசாயனம் பட்ட ஈரத்தலைக்கு அன்று.

கட்டணம், முடியின் நீளத்தைப் பொறுத்து ஸ்பாவுக்கு 800 முதல் 1,200 ரூபாய்வரை ஆகிறது; பூஸ்டர் போட்டால் இன்னும் 300. ஆவியும் மசாஜும் வேண்டாம், படிவு நீக்கும் ஷாம்புவும் கண்டிஷனரும் கடைசி அலசலும் மட்டும் போதும் என்று கேட்டால் 350 ரூபாய்க்குச் செய்துதருகிறார்கள். இதை அவர்களுடைய விலைப்பட்டியலில் காண முடியாது. வாய் திறந்து கேட்க வேண்டும். நான் இப்போது எடுத்துக்கொள்வது இதைத்தான். டச்சப்புக்கு அரை நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாள்களும் கூட்டம் நெரியும். அன்று உதவியாளர்கள்தான் அலசுகிறார்கள், கடைசி அலசல் ட்ரம்மும் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. செவ்வாய் அல்லது புதன் காலையில் போனால் மூத்தவரே கவனிப்பார்.